ஏழு நாள் கடைச் சாப்பாடு

லிப்பாரி, இத்தாலி, 2 ஜூன் 2024

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

டக்ளஸ் எழுதுகிறேன். நீங்கள் ஜூலையில் வரும்போது இந்தத் தீவுகளில் எங்கே சாப்பிடலாம் என்று போனில் சொன்னால் போதாது, தாளில் வேண்டும், ஓர்ட்னர் கோப்பில் கோத்து வைக்கவேண்டும் என்று அத்தான் சொன்னதாகச் சொன்னீங்கள். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருபத்தேழு வருடமாக இருக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார். கையாலேயே எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தில் படமும் கீறியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே மத்தியானம் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு அடுப்பை நிறுத்திவிடுவார்கள். பிறகு இரவு எட்டு மணிக்குத்தான். நாலு மணிக்குப் பசிக்கிறது என்று தெருவில் நின்றால் ஒருத்தரும் கதவு திறக்கமாட்டார்கள். கப்பல் வந்து நிற்கிற இடத்தில் சாப்பாட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருக்கிற கடைகளுக்குப் போகவேண்டாம்.

திங்கள் இரவு, துறைமுகப் படிக்கட்டுக்கு மேலே நீலக் கதவு போட்ட கடை. கணவாய்க்குள் பாண்தூளும் கேப்பரும் அடைத்துச் சமைப்பார்கள். கேப்பர் என்பது இங்கே மதில்களில் முளைக்கிற செடியின் மொட்டு, உப்பில் போட்டு வைப்பது. செவ்வாய், படகில் சலினாத் தீவுக்குப் போங்கோ. அங்கே மேட்டுத் தெருவில் சுட்ட பாணுக்கு மேல் தக்காளியும் சூரை மீனும் போட்டுத் தருகிற கடை. ஒரு பாண் இரண்டு பேருக்குக் காணும். புதன், கோட்டைக்குக் கீழே கத்தரிக்காயும் வாள்மீனும். வியாழன் வுல்கானோத் தீவில் மத்தியானமே சாப்பிட்டு முடித்துவிடுங்கோ, கடைசிப் படகு காத்திராது. வெள்ளிக்கிழமை தேவாலயத்துக்குப் பின்சந்தில், எலுமிச்சை மரம் நிற்கிற முற்றம். அங்கே மெனுவைப் பார்க்கவேண்டாம், கொண்டுவருவதைச் சாப்பிடுங்கோ. சனி, ஞாயிறு கடைகள் இரண்டும் படத்தில் இருக்கின்றன. பிள்ளை லிசாவுக்குக் காலையில் ஐஸ் தூளும் பணிசும் வாங்கிக் கொடுங்கோ, இங்கே அதுதான் காலைச் சாப்பாடு.

ஒவ்வொரு கடையிலும் என் பெயரைச் சொல்லுங்கோ. மறக்கவேண்டாம்.

எனக்கு இது சீசன் நேரம். ஓய்வு கிடைத்தால் துறைமுகத்துக்கு வருவேன். மற்ற விஷயங்களை நேரில் கதைப்போம்.

டக்ளஸ்


கெல்சென்கிர்ச்சன், 14 ஜூன் 2024

டக்ளஸுக்கு,

உன் பட்டியல் வந்து சேர்ந்தது. அத்தான் அதைக் காப்புறுதித் தாள்களுக்கும் கார்த் தாள்களுக்கும் நடுவில் கோத்துவிட்டார். அவருக்கு நல்ல சந்தோசம். எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று தரம் வாசித்தேன். திங்கள் கடை, செவ்வாய் கடை, புதன் கடை. ஒரு நேரமாவது "அக்கா, என்ரை வீட்டை வாங்கோ" என்று எழுதியிருப்பாய் என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் படம்தான் இருந்தது, அதிலும் கடைகள்.

எங்கள் கலியாணம் நடந்து இருபத்தைந்து வருடம். எங்கே போவோம் என்று அத்தான் கேட்டபோது மயோர்க்கா வேண்டாம், தம்பி இருக்கிற இடத்துக்குப் போவோம் என்று சொன்னவள் நான்தான். பதினொரு வருடமாக உன் முகத்தை நேரில் காணவில்லை. கடல் தெரிகிற உன் பல்கனிப் படத்தை ஞாயிற்றுப் பூசை முடிந்து றோசம்மா அக்காவுக்குக் காட்டாத கிழமை இல்லை. இப்போது நான் திரும்பி வந்து அவவுக்கு என்ன சொல்வது? தம்பி இருக்கிற ஊரில் ஏழு நாளும் கடையில் சாப்பிட்டேன் என்றா? எங்கட சனத்தில் எந்த அக்காவுக்கு இப்படி நடந்திருக்கிறது, சொல்லு பார்ப்போம்.

நீ இங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்த பதினொரு மாதமும் பதிவுதான் அகதிகளை வைத்திருக்கிற ஹைமில், படுக்கையும் சாப்பாடும் என் வீட்டில். வேலைக்குப் போகமுதல் உனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் நான் பஸ் பிடித்தேன். அதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ சொல்லவைத்துவிட்டாய்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, காசு திரும்பாது, அதனால் வருவோம். எடுத்திருக்கிற வீட்டில் குசினி இருக்கிறது. என் றைஸ் குக்கரைக் கொண்டுவருகிறேன். மிளகாய்த்தூளும் கொண்டுவருகிறேன். உன் ஏழு கடைகளும் சுகமாக இருக்கட்டும். உன் நம்பரை போனில் தடுத்துவிட்டேன், எடுத்துப் பார்க்காதே. துறைமுகத்துக்கும் வரவேண்டாம்.

டெல்சி


லிப்பாரி, 29 ஜூலை 2024

அக்கா,

போனைத் தடுத்துவிட்டீங்கள். ஆனபடியால் மறுபடியும் தாள். இது இத்தாலித் தபால், இரண்டு கிழமை ஆகும். அதற்குள் என் கோபம் ஆறாது என்று நம்புகிறேன்.

நீங்கள் வந்ததை எனக்கு மீன்காரன்தான் சொன்னான். கன்னேத்தோப் பக்கம் ஒரு குடும்பம் மூன்று நாளாகச் சூரை வாங்குதாம், பின்னேரத்தில் தெரு முழுக்க வாசமாம், பக்கத்து வீட்டுக்காரிகள் சன்னலைப் பூட்டுகிறார்களாம். கேட்டவுடனே யாரென்று தெரிந்துவிட்டது. நடந்து வர இருபத்தைந்து நிமிடம். வரவேண்டாம் என்று எழுதியிருந்தீங்கள், நான் வரவில்லை.

ஆனால் கடைகளுக்கும் போகவில்லையே. ஒன்றுக்காவது. கோபத்தில் எழுதினாலும் வந்து சாப்பிடுவீங்கள் என்றுதான் நினைத்தேன்.

நீலக் கதவுக் கடையில் சமைப்பது கீர்த்தனன். மானிப்பாய்ப் பெடியன், என் சிநேகிதன். முதலாளியிடம் கெஞ்சி திங்கள் இரவுக்கு ஒரு சட்டி கணவாயை எங்கட முறையில் பிரட்டி வைத்திருந்தான். அதற்கு வறுத்த தூள் எடுக்க நான் படகு ஏறி, பஸ் ஏறி, கத்தானியாவரைக்கும் போய் வந்தேன். மூன்று பேருக்கு மேசை ஒதுக்கி அட்டை வைத்து இரவு பத்தரைவரைக்கும் ஒருத்தரையும் அதில் இருக்கவிடவில்லை. செவ்வாய்க்கிழமை சலினாவில் பரராசசிங்கம் அண்ணை நண்டுக்கறி வைத்துவிட்டுப் படகுத்துறைக்கே வந்து நின்றிருக்கிறார். நாலு படகு பார்த்தாராம். பிறகு போன் எடுத்து, "கொக்கா வரேல்லையடா" என்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

புதனும் அப்படித்தான். வியாழனும். அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு கடையிலும் அடுப்படியில் நிற்பது எங்கட ஆள் அக்கா. சீசனில் தங்களுக்கே சமைத்துச் சாப்பிட நேரமில்லாத ஆட்கள். என் பெயரைச் சொல்லுங்கோ, மறக்கவேண்டாம் என்று எழுதினேனே, ஏன் என்று ஒரு தரம் யோசித்தீங்களா? முன்கூட்டிச் சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீங்கள், அதுகளைக் கரைச்சல்படுத்தாதே என்பீங்கள். அதனால் சொல்லவில்லை. அது என் பிழை. மிச்சம் உங்கள் பிழை.

இப்போது தெருவில் அவர்களைக் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போகிறேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதமாட்டேன்.

டக்ளஸ்


கெல்சென்கிர்ச்சன், 12 ஓகஸ்ட் 2024

டக்ளஸுக்கு,

வெள்ளிக்கிழமையைப் பற்றி நீ எழுதமாட்டாய். நான் எழுதுகிறேன்.

அதற்கு முதல் மற்ற நாட்களைக் கேள், கேட்டுச் சிரி. அந்த வீட்டில் ஏசியையும் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். முதல் நாள் இருட்டுக்குள் அரைவேக்காட்டுச் சோறு. இரண்டாம் நாள் ஏசியை நிறுத்திவிட்டுச் சமைத்தேன், அத்தானுக்கு வியர்வை ஓடி கண் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரி வந்து மணக்கிறது என்று மூக்கைப் பொத்திக் காட்டினாள். அதற்குப் பிறகு பாணும் வாழைப்பழமும். ஒருநாள் நாலு மணிக்குப் பசி பொறுக்காமல் தெருவுக்கு இறங்கினோம். எல்லாக் கடையும் பூட்டு. நீ எழுதினது சரி என்று அத்தான் சொன்னார். நான் அவரோடும் கதைக்கவில்லை. இருபத்தைந்தாவது வருடத்தை இப்படித்தான் கொண்டாடினோம்.

வெள்ளிக்கிழமை லிசா கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் எலுமிச்சை மரத்தடிக்குப் போயிருக்கிறாள். ஓர்ட்னரில் இருந்த தாளைப் புறப்பட முதலே படம் பிடித்து வைத்திருந்தாளாம். பதினெட்டு வயது, கேட்டுச் செய்கிற பிள்ளையா? தனியே இருந்து உன் பெயரைச் சொன்னாளாம். மெனுவில் இல்லாத ஒன்று வந்ததாம். வெள்ளைச் சொதி, இறால் போட்டு. பிள்ளை இத்தாலியில் சொதி குடித்துவிட்டு, சமைத்தவரைக் காணவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பரிமாறுகிறவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, டக்ளஸ் வெளியே போய்விட்டார் என்றானாம். காத்திருந்தாளாம்.

நீ எங்கே போனாய்? அந்தக் கடைக்கு வாசல் ஒன்றுதானாம்.

அவன் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். டக்ளஸ் தூரம் போகமாட்டார், குசினிக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் படுப்பார், ஆறு பேர் என்று. இதை லிசா எனக்குத் தீவில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது விமானத்தில், நான் உன்னை ஏசிக்கொண்டு இருக்கும்போது சொன்னாள். சொல்லிவிட்டுக் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பல்கனி யாருடையது டக்ளஸ்? பதினொரு வருடமாக நான் ஊருக்கெல்லாம் காட்டித் திரிந்த கடல் யாருடையது? வீடு இல்லை அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் உன் கட்டில் விளிம்பில் இருந்து சாப்பிட்டிருப்பேன். என்னை யார் என்று நினைத்தாய்? உனக்கு அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டேனா நான்?

நம்பரை இன்னும் திறக்கவில்லை. கதைத்தால் கத்துவேன். எழுதும்போது கொஞ்சம் குறைகிறது. நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வா. வராவிட்டால் இனி என்னைத் தேடாதே.

டெல்சி


லிப்பாரி, 1 செப்டெம்பர் 2024

அக்கா,

பல்கனி முதலாளியின் விருந்தாளி அறையுடையது. குழாய் திருத்தப் போன இடத்தில் எடுத்த படம். ஒரு தரம் அனுப்பினேன், நீங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டீங்கள், பிறகு எப்படி இல்லை என்பது.

வெள்ளிக்கிழமை நான் குளிரறைக்குள் நின்றேன், மீன் பெட்டிகளுக்கு நடுவில். தட்டுக் கொடுக்கிற சன்னலால் பார்த்தபோது மரத்தடியில் நீங்கள் இருந்தீங்கள். ஒரு நிமிடத்துக்கு அப்படித்தான் நினைத்தேன், ஊரில் ஏ.எல். படித்த காலத்து நீங்கள். பிறகுதான் லிசா என்று விளங்கியது. நான் கடைசியாகக் காணும்போது ஏழு வயது, பல் விழுந்த பிள்ளை. சொதியைக் குடித்து முடித்துப் பாணால் தட்டையும் துடைத்தாள். வெளியே வந்திருந்தால், "மாமா, உங்கட வீடு எங்கை?" என்று கேட்டிருப்பாள். அதுதான் குளிரறை.

நத்தாருக்கு வா என்று எழுதியிருக்கிறீங்கள். என்னால் ஏலாது. ஏன் என்று ஒருக்காலும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீங்கள் சோறு மூடி வைத்த கணக்கைச் சொன்னபடியால் நானும் சொல்கிறேன்.

நான் உங்கள் வீட்டில் இருந்த கடைசி மாதம், ஒரு பின்னேரம். நீங்கள் வேலையில். நான் படியேறி வருகிறேன், உள்ளே அத்தான் யாரோடோ போனில் கதைக்கிறார். "சாப்பாட்டு நேரம் மட்டும் இவனுக்குப் பிசகாது" என்றார், சிரித்தார். நான் அப்படியே கீழே இறங்கி, பஸ் நிலையத்தில் எட்டு மணிவரைக்கும் இருந்தேன். வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். நீங்கள் மூடி வைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்தீங்கள். அடுத்த கிழமை இத்தாலிக்கு வெளிக்கிட்டேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டதால் போகிறேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். மறுப்புக் கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான்.

அன்றைக்கு நினைத்தேன், இனி இவர்களை என் மேசையில் இருத்திச் சாப்பாடு போடாமல் அவர்கள் மேசையில் இருக்கமாட்டேன் என்று. பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் நூறு பேருக்குச் சமைக்கிறேன், எனக்கென்று ஒரு மேசை இல்லை. அதனால்தான் மற்ற ஆட்களின் மேசைகளைக் கேட்டு வாங்கினேன். ஏழும் நான் போட்ட பந்திதான் அக்கா. நீங்கள் கடை என்று நினைத்துவிட்டீங்கள்.

மேட்டுப் பக்கம் இரண்டு அறை தருகிறேன் என்று முதலாளி சொல்கிறார். நாலு வருடமாகச் சொல்கிறார். கிடைத்தால் எழுதுகிறேன்.

அத்தானுக்கு இதைக் காட்டவேண்டாம்.

டக்ளஸ்


கெல்சென்கிர்ச்சன், 22 செப்டெம்பர் 2024

டக்ளஸுக்கு,

காட்டினேன். நீ காட்டவேண்டாம் என்று எழுதினால் நான் காட்டுவேன் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போனார், வந்தார், ஓர்ட்னர்களை எடுத்துத் தூசு தட்டினார். மூன்றாம் நாள் சாப்பிட இருத்தினால் கையைக் கழுவிவிட்டுச் சோற்றைத் தொடாமல் இருக்கிறார். பிறகு, "நான் சொன்னனான்தான் டெல்சி. அவன் கேட்டவன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா சொன்னனான்" என்றார். நான் எழும்பிப் போய்விட்டேன். என்னோடு இருபத்தைந்து வருடம் இருக்கிற ஆள், என் தம்பிக்கு நான் போட்ட சோற்றை அளந்து பார்த்திருக்கிறார். உன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவருக்கு மாற்றிவிட்டேன். மிச்சப் பாதி உனக்கே. அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தால் அவரை அப்போதே ஒரு கை பார்த்திருப்பேன். பதினொரு வருடத்தை இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து வீணாக்கிவிட்டீர்கள்.

அடுத்த நாள் பார்த்தால் மனிதர் ஓர்ட்னரைத் திறந்து உன் பட்டியலைக் கழற்றுகிறார். கொப்பி எடுக்காமல் ஒரு தாளையும் வெளியே எடுக்காத ஆள், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஊர்லாப் லீவு கேட்டு வாங்கிவிட்டார். லிசாவின் இலையுதிர்கால விடுமுறை, ஒக்டோபர் 19 தொடக்கம் 26. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. திங்களிலிருந்து ஞாயிறுவரைக்கும் நீ எழுதின ஒழுங்கிலேயே ஏழு கடைக்கும் போகவேண்டும், ஒவ்வொரு கடையிலும் அடுப்படிக்குப் போய் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்கிறார். நாங்கள் இறங்குவது சனிக்கிழமை, ஞாயிறு கடைசியில் வராது என்று சொன்னேன். பரவாயில்லையாம்.

பயப்படாதே. உன் அறையைப் பார்க்க வரவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டேன், லிசாவையும் கேட்கவிடமாட்டேன். குக்கர் வீட்டிலேயே நிற்கும்.

டெல்சி


லிப்பாரி, 6 ஒக்டோபர் 2024

அக்கா,

இதைக் குரியரில் அனுப்புகிறேன், நீங்கள் வெளிக்கிட முதல் கிடைக்கவேண்டும். நம்பரைத் திறந்திருக்கிறீங்களோ என்று எனக்குத் தெரியாது. திறந்திருந்தாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

டிக்கெட் எடுக்க முதல் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். இந்த முறை மழை முந்திவிட்டது, சனமும் போய்விட்டது. நீலக் கதவு போன கிழமை பூட்டியாகிவிட்டது. கீர்த்தனன் பலெர்மோவுக்குப் போய்விட்டான். சலினாக் கடை நேற்றுப் பூட்டு, பரராசசிங்கம் அண்ணையைப் படகு ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அத்தான் மன்னிப்புக் கேட்க வருவதை அவரிடம் சொன்னேன். பங்குனியில் திறப்பம், அப்ப வரச் சொல்லு என்றார். வுல்கானோவில் ஒன்றும் இல்லை. எங்கட கடை பதின்மூன்றாம் திகதி கடைசி. நீங்கள் வந்து இறங்குகிற அன்றைக்கு அந்தத் தாளில் உள்ள ஏழு கடையும் பூட்டு. திறந்திருப்பது துறைமுகத்தில் படம் தொங்குகிற ஒரு பீட்சாக் கடை. அதற்கு நான் உங்களை அனுப்பமாட்டேன்.

அடுத்த வருடம் வாருங்கோ என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

நான் இந்த முறை பலெர்மோவுக்குப் போகவில்லை. அறையில் ஆறு கட்டில், ஐந்து வெறுமையாக இருக்கும். மூன்று கட்டிலைச் சுவரோடு தள்ளினால் நடுவில் கடை மேசை ஒன்று வைக்கலாம். அளந்து பார்த்துவிட்டேன். மரத்தடிக் கதிரைகள் நாலை எடுக்க முதலாளி சம்மதித்தார். கடைக் குசினியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார். அறையில் எனக்கு ஒரு காஸ் அடுப்பும் ஒரு சட்டியும் இருக்கிறது. சன்னல் ஒன்றுதான், மதில்தான் தெரியும். கட்டிலில் ஏறி நின்றால் கொஞ்சம் கடல் தெரியும். லிசாவுக்குக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டில். அத்தானிடம் சொல்லுங்கோ, சாப்பாடு ஒரு மணிக்கு, நேரம் பிசகாமல் வரவேணுமாம்.

குக்கரைக் கொண்டுவாருங்கோ. தனியே அதை மட்டும் போட்டால் மின்சாரம் நிற்காது, மின்காரனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். இருக்கிற ஒரு சட்டியில் நான் கறி வைப்பேன், சோறு போட என்னட்டை வேறு பானை இல்லை.

டக்ளஸ்